அரசுக் கட்டுமான ஒப்பந்தத்தில் வேலை மாறினால் என்ன செய்வது?

தனியார் வீட்டு வேலையில் உரிமையாளர் "இந்தச் சுவரை இன்னும் நாலடி நீட்டுங்க" என்பார். நீங்களும் நீட்டிவிடுவீர்கள். கணக்கு முடிக்கும்போது பேசித் தீர்த்துக்கொள்வீர்கள். அரசு வேலையில் இது நடக்காது. அங்கே வேலையைச் சொல்பவர் ஒருவர், அதற்கு ஒப்புதல் தருபவர் இன்னொருவர், பணம் விடுவிப்பவர் வேறொருவர். எல்லாம் முடிந்த பிறகு, தளத்தையே பார்த்திராத தணிக்கையாளர் ஒருவர் வந்து கோப்பை மட்டும் புரட்டுவார்.

செய்து முடித்த கூடுதல் வேலைக்குப் பணம் வாங்க நான் நிறையவே அலைந்திருக்கிறேன். வேலை நடந்ததை ஒருவரும் மறுக்கவில்லை. "யார் செய்யச் சொன்னது, எந்தத் தேதியில், எந்த விலைக்கு?" என்ற மூன்று கேள்விக்கும் கோப்பில் பதில் இருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு மேசையிலும் பார்த்தார்கள். அந்த மூன்றையும் கோப்பில் ஏற்றுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. முதல்முறை அரசு ஒப்பந்தம் எடுக்கும் சிறு ஒப்பந்ததாரருக்கும், அவரிடம் வேலை பார்க்கும் தளப் பொறியாளருக்கும் எழுதுகிறேன்.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் நிதியில் நடக்கும் பெரிய வேலைகள் பலவற்றுக்கு ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) வெளியிடும் மாதிரி ஒப்பந்த நிபந்தனைகள்தான் அடிப்படை. ஆகவே எண்கள் தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் அதிலிருந்தே எடுத்திருக்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் எண்கள் மாறலாம், நடைமுறை பெரிதாக மாறாது.

1. வேலை தொடங்கும் முன் ஒரே தாளில் குறித்து வையுங்கள்

ஒப்பந்த ஆவணம் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழ்க்கண்டவற்றை மட்டும் தேடி எடுத்து, பிரிவு எண்ணோடு ஒரு தாளில் எழுதித் தள அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

- மாற்றத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு தொகை வரை
- நோட்டீஸ் (கூடுதல் பணமோ காலமோ கேட்கப்போகிறோம் என்ற எழுத்து அறிவிப்பு) கொடுக்க எத்தனை நாள், யார் முகவரிக்கு, மின்னஞ்சல் செல்லுமா
- அளவு எத்தனை சதவீதம் தாண்டினால் விலையை மாற்றலாம்
- பட்டியலில் (ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் குறித்த ஒப்பந்தப் பட்டியல்) இல்லாத வேலைக்கு விலை கட்டும் முறை
- ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது மேலே நிற்கும்

பொது நிபந்தனைகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பொது நிபந்தனையில் 10 சதவீதம் என்றிருக்கும், சிறப்பு நிபந்தனையில் அதை 25 ஆக்கியிருப்பார்கள். இரண்டும் மோதினால் சிறப்பு நிபந்தனைதான் நிற்கும்.

ஒப்பந்தம் எந்த வகை என்பதையும் இப்போதே பாருங்கள். அளந்து பணம் தரும் ஒப்பந்தம் என்றால், பட்டியலில் உள்ள ஐட்டத்தின் அளவு கூடினால் கூடிய அளவுக்குப் பணம் உண்டு. மொத்தத் தொகை ஒப்பந்தம் என்றால் அளவு கூடியது உங்கள் பாடு. வரைபடமோ விவரக்குறிப்போ மாறினால்தான் பேச இடமிருக்கும்.

2. இது மாற்றம்தானா என்று முதலில் பிரியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சறுக்குவார்கள். எல்லாவற்றையும் கூடுதல் வேலை என்று எழுதி அலுவலகத்தின் நம்பிக்கையை இழப்பவர்கள் ஒரு பக்கம். உண்மையான கூடுதல் வேலையை "சின்னதுதானே" என்று விட்டுவிடுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகையினர்தான் அதிகம் இழக்கிறார்கள்.

மாற்றம் என்று வருபவை: பட்டியலில் உள்ள ஐட்டத்தின் அளவு கூடுவது அல்லது குறைவது, பட்டியலிலேயே இல்லாத புது வேலை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது, இருந்த வேலையை நீக்குவது, மட்டம் அல்லது இடம் மாறுவது, வேலை செய்யும் வரிசையை மாற்றச் சொல்வது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. "முதலில் பின்பக்கக் கட்டடத்தை முடியுங்கள்" என்ற ஒரே வரியால் இயந்திரத்தை இரண்டு முறை கொண்டுவர நேரலாம்.

மாற்றம் ஆகாதவை: உங்கள் தரக்குறைவைச் சரிசெய்யச் சொல்வது, டெண்டரில் நீங்கள் தவறாகப் போட்ட விலை, ஐட்டத்தின் விவரத்திலேயே ஏற்கெனவே அடங்கியிருப்பது. மூன்றாவதில் கவனம் வேண்டும். மண் தோண்டும் ஐட்டத்தின் நீளமான விவரத்தில் "நீர் இறைப்பது உட்பட" என்று நடுவில் எங்கோ மூன்று சொற்கள் கிடக்கும். அதைப் படிக்காமல் பம்பு வாடகை கேட்டு எழுதினால், ஒரே வரியில் நிராகரிப்பு வரும். கேட்பதற்கு முன் ஐட்டத்தின் விவரம், பட்டியலின் முன்னுரை, விவரக்குறிப்பில் அந்த வேலைக்கான அளவீட்டுப் பத்தி ஆகிய மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்.

நீக்கப்படும் வேலையையும் கவனியுங்கள். ஃபிடிக் 1999 பதிப்பின்படி, வேறொருவரிடம் கொடுப்பதற்காக உங்களிடமிருந்து வேலையை நீக்க முடியாது. நீக்கிய வேலையை அடுத்த மாதமே வேறு ஒப்பந்ததாரர் செய்தால், அது கேள்வி கேட்கத்தக்க விஷயம்.

மாற்றத்தின் அளவுக்கும் எல்லை உண்டு. அரசு வேலையில் ஒப்பந்தம் போட்டிக்குப் பிறகுதான் உங்களுக்குக் கிடைத்தது. அதை வளர்த்துக்கொண்டே போனால், போட்டியில் தோற்றவர் கேள்வி கேட்பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறையின் 72ஆம் பிரிவு இதற்கு நல்ல உதாரணம். வேறு சில நிபந்தனைகளோடு, கட்டுமான ஒப்பந்தங்களில் 15 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்துக்கு மறு டெண்டர் தேவையில்லை. எதிர்பாராத காரணத்தால் வரும் மாற்றத்துக்கும், தவிர்க்க முடியாத கூடுதல் வேலைக்கும் மேல்வரம்பு 50 சதவீதம். உங்கள் நாட்டு விதியில் இப்படி ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எல்லையை நெருங்கும்போது அலுவலகத்தில் கோப்பு திடீரென்று மெதுவாகும். அதிகாரி பயப்படுகிறார் என்று அர்த்தம், அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

3. வாயால் சொன்னதை அன்றே எழுத்தாக்குங்கள்

பெரும்பாலான பணம் தொலைவது இங்கேதான்.

தளத்துக்கு வந்த அரசுத் தரப்புப் பொறியாளர் கையை நீட்டி ஏதோ சொல்வார். நல்ல மனிதராகத்தான் இருப்பார், அவர் சொல்வது தேவையான வேலையாகவும் இருக்கும். ஆனால் நாளைக்கு அவருக்கு இடமாற்றம் வரலாம். புதிதாக வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது, தெரிந்தாலும் பொறுப்பேற்க மாட்டார்.

ஃபிடிக் 1999 நிபந்தனைகளில் 3.3ஆம் பிரிவு இதற்கு அருமையான வழி வைத்திருக்கிறது. பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னால், 2 வேலை நாட்களுக்குள் நீங்கள் அதை எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். அது கிடைத்த 2 வேலை நாட்களுக்குள் அவர் எழுத்தில் மறுக்கவோ வேறு உத்தரவு தரவோ இல்லை என்றால், உங்கள் கடிதமே எழுத்துபூர்வ உத்தரவாகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு இல்லாவிட்டாலும் இதையே பழக்கமாக்குங்கள். கடிதம் நீளமாக வேண்டாம்:

"இன்று தள ஆய்வின்போது, ஏ-4 முதல் ஏ-7 வரையுள்ள அடித்தளங்களை வரைபடத்தில் உள்ள மட்டத்துக்குக் கீழே மேலும் 0.6 மீட்டர் தோண்டும்படி அறிவுறுத்தினீர்கள். இது ஒப்பந்த வரைபடத்திலிருந்து மாறுபட்டது. இதற்கான செலவும் காலமும் ஒப்பந்தத்தின்படி தனியே சமர்ப்பிக்கப்படும். உங்கள் எழுத்துபூர்வ உறுதியை எதிர்பார்க்கிறோம்."

இவ்வளவு போதும். புகார் தொனி வேண்டாம், நன்றியுரையும் வேண்டாம்.

தளத்தில் உத்தரவுப் பதிவேடு இருந்தால் அதிலும் அவரையே எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தி ஆதாரமாக உதவும், ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். ஒப்பந்தம் சொல்லும் தகவல்தொடர்பு முறையில் வாட்ஸ்அப் இருக்காது. செய்தி வந்ததும் அதைக் குறிப்பிட்டு முறைப்படி ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் பேசியது என்றால், நிகழ்ச்சிக் குறிப்பு வந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே திருத்தம் கேளுங்கள்.

இன்னொரு வகை உத்தரவு ஓசையில்லாமல் வரும். அதுதான் திருத்திய வரைபடம். "கட்டுமானத்துக்கு" என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள், கூடவரும் கடிதத்தில் மாற்றம் என்ற சொல்லே இருக்காது. எனவே ஒவ்வொரு புதிய வரைபடத்தையும் டெண்டர் வரைபடத்தின் மேல் வைத்து ஒப்பிடுங்கள், முந்தைய திருத்தத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. திருத்திய இடத்தைச் சுற்றி மேகம் போலக் கோடு போட்டிருப்பார்கள் என்று நம்பி மற்ற இடங்களைப் பார்க்காமல் விடாதீர்கள். கம்பியின் விட்டம் மேகத்துக்கு வெளியேயும் மாறியிருக்கும். வரைபடம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று ஒரு பதிவேடு வையுங்கள். பின்னால் நோட்டீஸ் நாட்களை எண்ணுவது அந்தத் தேதியிலிருந்துதான்.

ஃபிடிக் 2017 பதிப்பில் இந்த இடத்தில் இன்னும் கடுமை. வந்த உத்தரவில் மாற்றம் என்று குறிப்பிடவில்லை, ஆனால் அது மாற்றம்தான் என்று நீங்கள் நினைத்தால், அந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்பே காரணத்தோடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 7 நாட்களில் பதில் வரவில்லை என்றால் உத்தரவு திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். முதலில் வேலையை முடிப்போம், பிறகு எழுதுவோம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

4. சொன்னவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்

தளத்தில் தினமும் பார்க்கும் இளநிலைப் பொறியாளருக்குத் தரத்தைச் சோதிக்க அதிகாரம் இருக்கும், செலவைக் கூட்ட இருக்காது. அவருக்கு மேல் உள்ளவருக்கும் ஒரு வரம்பு வரைதான். அதற்கு மேல் துறைத் தலைமையோ, நிதிப் பிரிவோ, கடன் தரும் வங்கியோ ஒப்புதல் தர வேண்டும். உலக வங்கி முன்கூட்டியே பரிசீலிக்கும் ஒப்பந்தங்களில், மாற்றங்களின் கூட்டுத்தொகை மூல ஒப்பந்த மதிப்பில் 15 சதவீதத்தைத் தாண்டினால் ஆட்சேபமில்லை என்ற வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவைப்படும்.

அதிகாரத்தைக் கேட்பது அவமரியாதை ஆகாது. இப்படி எழுதலாம்: "இம்மாற்றத்துக்கான தகுதிவாய்ந்த அதிகாரியின் ஒப்புதல் எண்ணையும் தேதியையும் தெரிவிக்க வேண்டுகிறோம்." பதில் வருகிறதோ இல்லையோ, கேட்டது கோப்பில் இருக்கும்.

ஒரு பொறியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே மாற்றத்தை மூன்று துண்டாக வெட்டி மூன்று உத்தரவாகத் தரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேகமாக முடியும் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தணிக்கையில் முதலில் தேடுவதே இதைத்தான், மாட்டினால் உத்தரவு தந்தவரோடு உங்கள் பில்லும் சேர்ந்து நிற்கும்.

அவசரம் என்றால்? மண் சரிகிறது, குழாய் உடைந்துவிட்டது என்றால் உயிருக்கும் கட்டுமானத்துக்கும் ஆபத்தில்லாமல் காப்பதற்கானதை மட்டும் செய்யுங்கள். அன்றே எழுதுங்கள். நிரந்தர வேலைக்கு ஒப்புதல் வரும்வரை நிறுத்துங்கள்.

5. நோட்டீஸ் நாட்களை எண்ணத் தொடங்குங்கள்

ஃபிடிக் 1999, 2017 இரண்டிலும் கோரிக்கை நோட்டீஸுக்கு 28 நாள். நிகழ்வு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். இந்த "தெரிந்திருக்க வேண்டிய" என்பதுதான் ஆபத்தானது, வரைபடம் வந்து மேசையில் கிடந்தாலும் நாள் ஓடும். விரிவான கோரிக்கைக்கு 1999இல் 42 நாள், 2017இல் 84 நாள். இங்கிலாந்தில் அதிகம் பயன்படும் என்இசி என்ற மாதிரி ஒப்பந்தத்தில் அறிவிக்க 8 வாரம், விலை மதிப்பீடு தர 3 வாரம், திட்ட மேலாளர் பதில் தர 2 வாரம். இதில் மேலாளர் தாமே எழுத்தில் கொடுக்கும் உத்தரவுக்கு இந்த 8 வாரக் கெடு பொருந்தாது.

28ஆம் நாளுக்குள் கணக்கு தயாராக வேண்டியதில்லை. நோட்டீஸ் என்பது என்ன நடந்தது, எப்போது, எந்தப் பிரிவின் கீழ், பணமா காலமா இரண்டுமா என்ற நாலு வரி. தொகை பிறகு வரட்டும். "முழுக் கணக்கோடு சேர்த்தே கொடுத்துவிடுவோம்" என்று காத்திருந்தவர்கள்தான் 28ஐத் தாண்டுகிறார்கள்.

6. விலையைக் கட்டுங்கள்

மூன்று படிகள். மேலே உள்ளது பொருந்தாவிட்டால்தான் அடுத்ததற்கு இறங்க வேண்டும்.

முதலாவது, பட்டியலில் அதே வேலை இருந்தால் அதே விலை. இரண்டாவது, அதே போன்ற வேலை இருந்தால் அதன் விலையிலிருந்து வித்தியாசத்தை மட்டும் கூட்டியோ கழித்தோ எடுப்பது. பட்டியலில் எம்20 கான்கிரீட் இருக்கிறது, எம்25 போடச் சொல்கிறார்கள் என்றால் சிமென்ட், கலவைச் சேர்மான வித்தியாசம் மட்டும்தான் மாறும். மூன்றாவது, எதுவும் பொருந்தாவிட்டால் புதிதாக விலைப் பகுப்பாய்வு.

அளவு அதிகமாகக் கூடியதால் அதே ஐட்டத்தின் விலையையே மாற்றக் கேட்க முடியுமா? ஃபிடிக் 1999இல் முடியும், ஆனால் நாலு சோதனைகளையும் தாண்ட வேண்டும். ஓர் உதாரணம். ஒப்பந்த மதிப்பு 10 கோடி. தோண்டும் வேலை 1,000 கன மீட்டர், விலை 500. உண்மையில் வந்தது 1,350. அளவு 35 சதவீதம் கூடியிருக்கிறது, 10 சதவீத வரம்பைத் தாண்டியாகிவிட்டது. மாற்றத்தின் மதிப்பு 350 × 500 = 1,75,000. இது ஒப்பந்த மதிப்பின் 0.01 சதவீதமான 10,000ஐ விட அதிகம், இதுவும் தாண்டியது. மூன்றாவது, இந்த அளவு மாற்றத்தால் ஒரு கன மீட்டருக்கான உங்கள் செலவு 1 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்க வேண்டும். இதை நிரூபிப்பதுதான் கடினம். ஆழம் கூடியதால் பெரிய இயந்திரம் தேவைப்பட்டது, சரிவுக்குத் தாங்கு அடைப்பு வைக்க நேர்ந்தது என்று காரணமும் ரசீதும் வேண்டும். நாலாவது, அந்த ஐட்டத்தை நிலையான விலை என்று ஒப்பந்தம் குறித்திருக்கக் கூடாது.

புதிய விலைப் பகுப்பாய்வில் என்னென்ன வர வேண்டும்: பொருள், வீணாவது, ஆள் கூலி, இயந்திர வாடகையும் எரிபொருளும், கொண்டுவந்து சேர்க்கும் செலவு, மேல்செலவு, லாபம், வரி. மேல்செலவுக்கும் லாபத்துக்கும் ஒப்பந்தத்தில் சதவீதம் கொடுத்திருந்தால் அதையே போடுங்கள். சின்ன அளவு வேலைக்கு இயந்திரம் வந்துபோகும் செலவு பெரிதாக விழும், அதைத் தனி வரியாகக் காட்டுங்கள். பொருள் விலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விலைப்புள்ளிகள் இணைத்தால் அதிகாரிக்குக் கையெழுத்திட எளிதாக இருக்கும். பேரம் பேசுவார்கள் என்று ஏற்றிப் போடாதீர்கள். ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மற்ற எல்லா வரிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

முன்கூட்டி அளவிட முடியாத சில்லறை வேலை என்றால் நாள்கூலி முறையைக் கேளுங்கள். ஆள், இயந்திரம், பொருள் விவரத்தோடு தினமும் தாள் எழுதி, தினமும் கையெழுத்து. வாரக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்றால் வெள்ளிக்கிழமை அவர் விடுப்பில் இருப்பார்.

7. காலத்தையும் சேர்த்தே கேளுங்கள்

கூடுதல் வேலைக்குப் பணம் வாங்கிவிட்டு, முடிவுத் தேதியை அப்படியே விட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. பிறகு தாமத அபராதம் என்று அந்தப் பணத்தில் பாதியைப் பிடிப்பார்கள். மாற்றம் வருவதற்கு முந்தைய வேலை அட்டவணையையும், அதைச் சேர்த்த பிந்தைய அட்டவணையையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரில் இந்த மாற்றம் விழுகிறதா என்பதுதான் கேள்வி. 20 நாள் கூடுதல் வேலை என்றால் 20 நாள் நீட்டிப்பு என்று கேட்டால் கிடைக்காது, அந்த வேலை மற்றவற்றோடு இணையாக நடக்கக்கூடியது என்றால் ஒரு நாள்கூடக் கிடைக்காமல் போகலாம்.

நீட்டிப்பு கிடைத்தால் காப்பீடு, வங்கி உத்தரவாதம் இரண்டின் தேதியையும் நீட்டுங்கள். அதற்கு வங்கி வாங்கும் கட்டணமும் உங்கள் கணக்கில் வர வேண்டிய செலவுதான். ஃபிடிக் 2017இல் மாற்றங்களால் ஒப்பந்த விலை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால், வேலை கொடுத்தவர் உத்தரவாதத் தொகையையும் உயர்த்தக் கேட்கலாம். அந்தப் பணம் முடங்கும், முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

8. மூடுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

மண்ணுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ போவதை யாரும் பின்னால் அளக்க முடியாது. தோண்டும் முன் தரை மட்டம், தோண்டிய பின் மட்டம், இரண்டையும் இரு தரப்பும் சேர்ந்து எடுத்து அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். கூட்டு அளவீட்டுக்கு முந்தைய நாளே எழுத்தில் அழையுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் அழைத்த கடிதமும் நீங்கள் எடுத்த அளவும் படங்களும் நிற்கும். படத்தில் அளவுகோலும் இடத்தை அடையாளம் காட்டும் ஏதோ ஒன்றும் தெரிய வேண்டும். குழியை மட்டும் எடுத்த படம் எந்தக் குழிக்கும் பொருந்தும்.

கூடுதல் வேலைக்கான அளவுகளை மூல வேலையோடு கலந்து எழுதவிடாதீர்கள். தனிப் பக்கம், தனி எண். கலந்துவிட்டால் பிரிப்பது உங்கள் தலையில்தான் விழும்.

9. பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கத் திட்டமிடுங்கள்

ஒப்புதலுக்கும் பணத்துக்கும் நடுவில் விலை நிர்ணயம், திருத்திய மதிப்பீடு, கூடுதல் வேலைக்காக அரசோடு போடும் துணை ஒப்பந்தம், நிதி ஒதுக்கீடு என்று பல நிலைகள் இருக்கின்றன. நிதியாண்டு முடிவில் ஒதுக்கீடு தீர்ந்தால் அடுத்த ஆண்டுக்குப் போகும். அதனால் கூடுதல் வேலைக்கான முதலீட்டை, மாதாமாதம் வரும் பில்லை நம்பி எடுக்காதீர்கள்.

இறுதி விலை முடிவாகும்வரை ஒன்றும் தர மாட்டோம் என்றால், தற்காலிக விலை கேளுங்கள். ஃபிடிக் 1999இன் 12.3ஆம் பிரிவு, விலை ஒத்துக்கொள்ளும்வரை இடைக்கால பில்லுக்காகப் பொறியாளர் தற்காலிக விலை நிர்ணயிக்க வேண்டும் என்றே சொல்கிறது. அந்தத் தொகையை ஒவ்வொரு இடைக்கால பில்லிலும் போடுங்கள். வெட்டினாலும் அடுத்த பில்லில் மறுபடி போடுங்கள்.

ஒரு பதிவேட்டில் மாற்றத்தின் எண், உத்தரவுத் தேதி, நோட்டீஸ் தேதி, கணக்கு கொடுத்த தேதி, கேட்ட தொகை, ஒப்புக்கொண்ட தொகை, வந்த தொகை ஆகியவற்றை எழுதுங்கள். மாதக் கூட்டத்தில் இந்தத் தாளை எல்லோருக்கும் கொடுங்கள். அலுவலகத்தில் இதே கணக்கு யாரிடமும் முழுதாக இருக்காது, சில மாதத்தில் அவர்களே உங்கள் தாளைக் கேட்டு வாங்குவார்கள்.

கடைசி பில்லோடு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு சான்றிதழ் நீட்டுவார்கள். இடைக்காலத் துணை ஒப்பந்தங்களிலும் இதே வரி ஒளிந்திருக்கும், காலத்துக்கான கோரிக்கையும் அதில் அடிபட்டுப் போகும். தீராத மாற்றங்கள் இருந்தால் வெறும் கையெழுத்து போடாதீர்கள். "இணைப்பில் உள்ள வரிசை எண்கள் நீங்கலாக" என்று எழுதி, பதிவேட்டின் பிரதியை இணைத்து, அதன் பிறகு கையெழுத்திடுங்கள். அப்படி வாங்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் கேளுங்கள்.